சீக்காளிப் பக்கம்

மரம் பார்க்கப் போகிற இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிற வியாபாரி எந்த ஊரிலும் இல்லை. ஆனாலும் அந்தத் தை மாதக் காலையில், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பிய பிக்கப் வண்டியில் ஜமால் முகமதுவுக்குப் பக்கத்தில் தில்ஷாத் பேகம் உட்கார்ந்திருந்தாள். புர்காவின் மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றியிருந்தாள். வளைவில் தலை சுற்றுமென்று கையில் ஓர் எலுமிச்சம்பழம். காரவள்ளி தாண்டி வண்டி மலையேறத் தொடங்கி வெகுநேரமாகியும் அவள் அதை முகரவே இல்லை.

ஜமால் முகமது பழைய மர வியாபாரி. சுற்றுவட்டாரத்தில் எங்கே பழைய வீட்டை இடித்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். நிலை, கதவு, உத்திரம், தூண் எல்லாம் அவர் கடைக்கு வந்து, துருவேறிய ஆணி பிடுங்கப்பட்டு, வேறு வீடுகளுக்குக் குடிபோகும். மகன் அனஸ் தலையெடுத்த பிறகு மலைக்கு ஏறி இறங்குகிற வேலையை அவன் பார்த்துக்கொண்டான். மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில், வாசலூர்பட்டிப் பக்கம் இடித்த ஒரு வீட்டின் கதவுகளை ஏற்றிக்கொண்டு வரும்போது வாழவந்தி நாட்டில் ரோட்டோரம் சரிந்து வண்டி பள்ளத்தில் உருண்டது. பாதையெல்லாம் மண் சரிந்து, மரம் விழுந்து, போன் டவரும் செத்துக்கிடந்த நாள் அது. ராத்திரி மலையிலிருந்து இறங்கிய ஆட்கள் சேதி சொல்ல, மறுநாள் காலையில் ஜமால் முகமது சொந்தக்காரர்கள் இருவரோடு நடந்தே மலையேறிப் போய் மகனைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் மய்யித்தைத் தங்கள் வேதக்கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம்.

"உழுந்த ஒடனே உசுரு போயிருச்சு. அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தில்ஷாத் மூன்று வருஷத்தைத் தாண்டினாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவளே அதைச் சொல்லித் தேற்றி அனுப்பினாள். புள்ளைக்கு நோவு தெரியல, அந்த மட்டுக்கும் அல்லா எரக்கம் வெச்சான் என்பாள்.

முந்தாநாள் அந்த வேதக்கோயிலின் செயலாளர் தனபால் போன் செய்தார். ஜமால் முகமது சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பழைய கோயிலுக்குச் சுவர் வெடித்துவிட்டது, இடிக்கச் சொல்லிவிட்டார்கள், பக்கத்திலேயே புதுசு கட்டி முடியப்போகிறது, மரமெல்லாம் வைரம் பாய்ந்த மரம், யாரோ எடுத்துக்கொண்டு போவதற்கு நீங்கள் எடுத்துக்கொண்டால் எங்களுக்கும் மனசு ஆறும் பாய் என்றார். ஜமால் முகமது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

தில்ஷாத் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நானும் வாரனுங்க."

"அங்க குளுரு. உனக்கு முட்டி வலி."

"இருக்கட்டுமுங்க."

"இடிஞ்சு நிக்கற கட்டடத்துல பாக்கறதுக்கு என்ன இருக்குது தில்ஷாத்?"

"எம்புள்ளையக் கெடத்துன எடம் இருக்குதுல்ல. இடிச்சுப்போட்டா அதுவும் இருக்காது."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மலையுச்சிக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தும் பனி விலகவில்லை. மிளகுப் பறிப்புக் காலம். சில்வர் ஓக் மரங்களில் மூங்கில் ஏணிகளைச் சாத்தி, இடுப்பில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் கொடிக்குள் கைவிட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரத்துத் தார்ப்பாய்களிலெல்லாம் பச்சையும் கறுப்புமாக மிளகு காய்ந்தது. அதன் காரம் வண்டிக் கண்ணாடியைத் தாண்டி மூக்கில் ஏறியது. ஓரிடத்தில் ரோட்டோரம் புதுசாகக் கட்டிய தடுப்புச்சுவர் தெரிந்தது. ஜமால் முகமது அங்கே வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார். தில்ஷாத் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வேதக்கோயில் வெளியே பார்க்கக் கோயில் மாதிரியே இல்லை. கோபுரம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. நீளமான கருங்கல் கட்டடம். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடவேண்டுமென்று ஓட்டுக் கூரையை வெகு சரிவாக இறக்கியிருந்தார்கள். கல்லிடுக்கெல்லாம் பாசி. மேற்குச் சுவரில் மேலிருந்து அடிவரைக்கும் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதை இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி, ஓர் ஆள் நுழையும் சந்துகூட இல்லாமல், புதுக் கோயில் பளபளக்கிற டைல்ஸ் முகப்போடு எழும்பியிருந்தது. பழைய கூரைமேல் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தனபால் வந்து தில்ஷாத்தைக் கும்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மப்ளர். இந்தம்மா வருமென்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் தடுமாறிப்போய், வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகிய கதையையே அவளுக்கும் சொல்ல ஆரம்பித்தார்.

"இதக் கட்டறப்ப மலைக்கு ரோடே கெடையாதுங்கம்மா. எங்க பூட்டங்காலம். ஓடும் சுண்ணாம்பும் அடிவாரத்துலேர்ந்து தலைச்சொமையாவே வந்துதாம். கல்லு இந்தா, இந்த ஓடையில ஒடச்சது. தூலமெல்லாம் பலாவும் சந்தன வேம்பும். அண்ணாந்து பாருங்க பாய், ஒரு ஆணி இருக்காது. எல்லாம் மர ஆப்பு."

ஜமால் முகமது அண்ணாந்து பார்த்தார். தொழில்காரக் கண் அதுபாட்டுக்கு மரத்தை எடைபோட்டது. பார்வையைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

உள்ளே கோயில் இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவே இடுப்பளவுக்கு ஒரு கல்சுவர். அதற்கு மேலே ஒன்றுமில்லை, திறந்த வெளி. இந்தப் பக்கம் பெஞ்சுகளும் பிரசங்க மேடையும். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி வரிசையாகக் கல்மேடைகள், ஆள் நீளத்துக்கு.

"கட்டுன வெள்ளக்காரப் பாதிரி வந்தப்ப மலையெல்லாம் காய்ச்சலுங்க. சனம் கொத்துக்கொத்தாப் போயிட்டிருந்துதாம். கோயிலுங் கட்டோணும், ஆஸ்பத்திரியுங் கட்டோணும், ரெண்டுக்கும் சொமக்க ஆளில்ல. சேத்து ஒண்ணாவே கட்டிப்புட்டாரு. எந்திரிக்க முடியாதவங்களும் படுத்துட்டே பாட்டுக் கேக்கோணும்னு நடுச்செவத்த அரையோட நிறுத்திப்புட்டாரு. இது சாமி பக்கம், அது சீக்காளிப் பக்கம். எங்கூருல இன்னிக்கும் அப்படித்தாஞ் சொல்றது. சன்னலப் பாத்தீங்களா? சாமி பக்கத்துச் சன்னலெல்லாம் ஒசக்க. சீக்காளிப் பக்கம் மட்டும் கல்லோட மட்டத்துக்கு எறக்கி வெச்சிருக்குது. படுத்திருக்கறவங்க கண்ணுக்கு வெளிய தெரியோணும்னு."

"இப்ப யாரு படுக்கறாங்க இங்க?" என்றாள் தில்ஷாத்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி வந்தப்பறம் பெஞ்சு பாய்தான் போட்டு வெக்கறதுங்க. ஆனா பழக்கம் போவுலீங்க. மொளகேணியிலேர்ந்து ஆரு உழுந்தாலும் மொதல்ல இங்கதாந் தூக்கிட்டு வாரது. ஜீப்பு வார வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாத்துக்கறது. அன்னிக்கு நம்ம தம்பியயும்..."

"தனபாலு," ஜமால் முகமது குறுக்கே புகுந்தார். "ஏணியப் போடு. தூலத்து முனையில கரையான் இருக்குதான்னு மேல ஏறிப் பாக்கோணும்."

அவர் ஏணியில் ஏறி வெகுகாலம் ஆகிறது. அவர் ஏறுவதைத் தில்ஷாத் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அரைச்சுவரின் இடைவெளி வழியாகச் சீக்காளிப் பக்கம் போய், பெஞ்சுகள் அடுக்காமல் காலியாகக் கிடந்த கடைசிக் கல்மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே இருட்டாக இருந்தது.

கொஞ்சநேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒரு கையில் வரக்காப்பி டம்ளர், இன்னொரு கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்த் துவையலும் வைத்த தட்டு. கொத்திலிருந்து மிளகை மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் வந்திருக்கிறாள் போலும், பாதம் இரண்டும் கறுத்து, முழங்கால் வரைக்கும் காரம் மணத்தது. தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"என்ற ஊடு பக்கத்துலதானுங்க. பேரு அத்தாயி. பாயம்மா வந்திருக்கறாங்கன்னு சொன்னாங்க. நீங்க என்னிக்காச்சும் வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க அக்கா."

தில்ஷாத் எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "எம்புள்ளைய வெச்சுப் பாத்துக்கிட்டது நீதானா அம்மிணி?"

"ஆமாங்க. இந்தக் கல்லுலதானுங்க. வண்டியில கெடந்த கதவுல ஒண்ணுலயே படுக்கவெச்சு நாலு பேரு மேல தூக்கிட்டு வந்தாங்க. மத்தியானத்துலேர்ந்து வெளக்கு வெக்கற வரைக்கும் என்ற கைய உடுலீங்க தம்பி. சோறாக்கக்கூட எந்திரிக்க உடுல."

தில்ஷாத்துக்கு முதலில் அது விளங்கவில்லை. காப்பி டம்ளரை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"அம்மிணி, மய்யித்து எப்படிக் கையப் புடிக்கும்?"

"என்னுங்க?"

"செத்தவன் எப்படிக் கையப் புடிப்பான்?"

அத்தாயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏணிமேல் நின்ற ஜமால் முகமதுவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாய் சொல்லுலீங்களா? மறுநாளே எல்லாத்தயும் அவருகிட்டச் சொல்லிப்புட்டனுங்களே. இத்தன நாள்ல சொல்லியிருப்பாருன்னு..."

"நீ சொல்லு."

"வேண்டாங்க அக்கா."

"உன்னயக் கையெடுத்துக் கும்புடறேன். நீ சொல்லு."

அத்தாயி கல்மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நிமிர்ந்து பார்க்காமல், கறுத்த பாதத்தைத் தேய்த்தபடியே சொன்னாள்.

"மேலுக்குக் காயம் பெருசா இல்லீங்க. வயித்துலதான் அடி. உள்ளுக்குள்ளயே என்னமோ ஆயிருச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேரு அடிவாரத்துக்கு மழையிலயே எறங்கி ஓடுனாங்க, ஆம்புலன்சு வார பக்கமா. பாதி வழியில மண்ணு சரிஞ்சு கெடந்து அவங்களே மாட்டிக்கிட்டு, கீழ போய்ச் சேர ராத்திரியாயிருச்சு. தம்பி முழிச்சுட்டுத்தான் இருந்துச்சு. இது என்ன எடம்னு கேட்டுச்சு. வேதக்கோயிலுன்னேன். நான் பாய் ஊட்டுப் பையனுங்கன்னுச்சு. இது சீக்காளிங்க படுக்கற பக்கம், பேசாமப் படு சாமின்னேன். தண்ணி கேட்டுச்சு. வயித்துல அடிபட்டா தண்ணி குடுக்கப்படாதுன்னு சொன்னாங்க. துணிய நனச்சு ஒதட்டுல வெச்சனுங்க. அதச் சப்புச்சு. கொஞ்சம் குடுத்திருக்கலாமுங்க அக்கா. எப்படியும் போற உசுருன்னு அப்பத் தெரியுலயே. இன்னிக்கும் தண்ணி மொண்டா அந்த நெனப்புத்தான் வருது."

கூரையில் ஓர் ஓடு நகர்ந்து மண் கொட்டியது. ஜமால் முகமது ஏணியின் நடுப்படியில் அசையாமல் நின்றிருந்தார்.

"அழுதானா?"

"நோவு வாரப்ப மட்டுமுங்க. அப்பறம் சொல்லுச்சு, எங்கம்மாகிட்ட சட்டுனு போயிட்டேன்னு சொல்லுங்க. இத்தன நேரங் கெடந்தேன்னு தெரிஞ்சா அது சோறு திங்காதுன்னுச்சு. அதத்தானுங்க பாய்கிட்டச் சொன்னேன்."

தில்ஷாத் சால்வையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அத்தாயி எழுந்து அவளைத் தொடலாமா என்று தயங்கி நின்றாள்.

சால்வைக்குள்ளிருந்தே தில்ஷாத் கேட்டாள். "போறப்ப அவன் காதுல யாரும் ஒண்ணும் சொல்லலியே. எங்கள்ல கலிமான்னு ஒண்ணு சொல்லித் தரோணும். சொல்றதுக்கு எங்காளு ஒருத்தருங்கூட இல்லியே."

"கலிமாவா, என்னமோ தெரியலீங்க அக்கா. கடைசியில ஒரே பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்துச்சு. மூச்சு வாங்கிப் பாதியில நின்னுபோவும். மறுக்கா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். முடிக்க முடியாம அது படற பாட்டப் பாக்கச் சகிக்காம நானுங் கூடச் சேந்து சொன்னனுங்க. அர்த்தந் தெரியாது. கோயிலுக்குள்ள வேற பேச்சச் சொல்றமேன்னு பயமாத்தான் இருந்துச்சு. அது நிறுத்துனா நான் மொதல்லேர்ந்து சொல்லுவேன். தல அசைக்கும். அப்பறம் அசைக்குல. அதுக்கப்பறமுங் கொஞ்சநேரம் நாம்பாட்டுக்குச் சொல்லிட்டே இருந்தனுங்க."

"என்ன சொன்ன? இப்பச் சொல்லு."

அத்தாயி கூச்சத்தோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கீர்த்தனை பாடிப் பழகிய மலைக்காரக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக வைத்து வைத்துச் சொன்னாள். "லாயிலாக... இல்லல்லாகு..." அதற்கடுத்ததில் நாக்குத் தடுக்கியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். அங்கேதான் மகனுடைய மூச்சும் நின்றுநின்று போயிருக்கவேண்டும்.

தில்ஷாத் முகத்திலிருந்து சால்வையை எடுத்தாள். மீதியை அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்து, அத்தாயியின் தோளில் சாய்ந்துவிட்டாள். அரைச்சுவருக்கு அப்பால் தனபால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஜமால் முகமது இறங்கி வந்தார். உள்ளே வரவில்லை. அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க," என்றாள் தில்ஷாத். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வந்தவங்க போனவங்க எல்லாத்துகிட்டயும் எம்புள்ள நோவு தெரியாமப் போச்சுன்னு சொல்லிட்டிருந்தனே. தொழுகையில உக்காந்து அதுக்காக அல்லாவுக்கு ஷுக்ரு சொல்லிட்டிருந்தனே. பக்கத்துல இருந்து அதயெல்லாங் கேட்டுட்டுத்தான இருந்தீங்க?"

"அவன் சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

"அவன் சின்னப்பையன். அம்மா சோறு திங்காதுன்னு பயந்துட்டான். நீங்க பெரிய மனுசன்."

"கடைசியா அவன் கேட்டது அது ஒண்ணுதான் தில்ஷாத். அதயும் நான் செய்யாம..." வாய் கோணிக்கொண்டு போயிற்று. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுநாளே சொல்லியிருந்தா இந்தக் கையப் புடிச்சு நான் அழுதிருப்பேன். ராத்திரியில எந்திரிச்சுப் போயிக் கடையில மரத்துக்கு நடுவால உக்காந்திருப்பீங்க. என்னன்னு கேட்டா கணக்குப் பாக்கறேம்பீங்க. உங்களுக்கு ஒரு புள்ள செத்தான், எனக்கு ஒரு புள்ள செத்தான்னு தனித்தனியா வெச்சு அழுதிருக்கறோம், ஒரே ஊட்டுல."

தனபால் மெல்லத் தொண்டையைச் செருமினார். ஜமால் முகமது திரும்பாமலே சொன்னார்: "மரத்த வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க தனபாலு. இதுல வாள் வெக்க என்னால ஆவாது."

"ஆத்தூர்க்காரர் ஒருத்தர் கேட்டுட்டிருக்கறாருங்க. அவருக்குத்தாம் போவும்."

"போவட்டும்."

தில்ஷாத் செருப்பைக் கழற்றினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்தக் கல்மேடையில் ஏறிப் படுத்தாள். அத்தாயி, "சில்லுனு இருக்குமுங்க அக்கா" என்றாள். கல்லின் குளிர் சால்வையைத் தாண்டி முதுகெலும்பில் ஏறியது. மேலே ஓட்டு இடுக்கில் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. அவள் தலையைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

சன்னல் நிறையச் சிமெண்டுக் கல் சுவர். புதுக் கோயிலின் பக்கச்சுவர். கம்பிக்கு வெளியே கை நீட்டினால் தொட்டுவிடலாம். யாரும் பார்க்காத பக்கமென்று மேல்பூச்சுக்கூடப் பூசாமல் விட்டிருந்தார்கள்.

"அவன் பாத்தது இதயா?"

"இல்லீங்க. அப்ப இது ஏது."

"அப்ப என்ன தெரிஞ்சுது?"

அத்தாயி யோசித்தாள். தோட்டமும் பள்ளமும் தெரியும் என்றாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள். "அன்னிக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியலீங்க அக்கா. நான் தம்பி மொகத்தத்தாம் பாத்துட்டிருந்தேன். வெளிய பாக்குல."

"நான் பாத்தேன்" என்றார் ஜமால் முகமது.

அரைச்சுவரைச் சுற்றி உள்ளே வந்தார். கல்மேடைக்குப் பக்கத்தில், சிமெண்டும் தூசியும் கிடந்த தரையில் உட்கார்ந்து, மனைவியின் தலைமட்டத்துக்குத் தன் தலையைத் தாழ்த்தினார்.

"காலையில நான் வந்தப்ப அவன் மொகம் இந்தப் பக்கந்தான் திரும்பியிருந்துச்சு. என்னத்தப் பாத்தான்னு நானும் இப்படித்தாங் குனிஞ்சு பாத்தேன். கிட்டக்க ஒரு பலாமரம். அதுக்குக் கீழ மொளகுத் தோட்டம். அப்பறம் சரேல்னு பள்ளம். மழ உட்டிருந்துச்சு. பனி மேல ஏறிட்டிருந்துச்சு. அது வெலகறப்ப அடியில, ரொம்பத் தூரத்துல, நம்ம பக்கத்துக் காடு தோட்டமெல்லாம் தெரிஞ்சுது. கண்ணக் குறுக்கிப் பாத்தா ரோடு தெரிஞ்சுது, சேந்தமங்கலத்துக்குப் போற ரோடு."

"ஊரு தெரிஞ்சுதா?"

"அந்தத் தெசை தெரிஞ்சுது."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

ஜமால் முகமது வாயைத் திறந்தார். தெரிஞ்சிருக்கும் என்று சொல்லத்தான் வந்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல தில்ஷாத். அந்த மழையில ஒண்ணுந் தெரிஞ்சிருக்காது."

அவள் சரியென்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிப் பூசாத சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கூரைமேலிருந்து ஓர் ஆள் குனிந்து, ஓட்டப் பிரிக்கலாங்களா என்று கேட்டான். தனபால் நிமிர்ந்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.